பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தெரியணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் விஞ்ஞானிகள் விவசாயிகள் சந்திப்புன்னு உங்க பேப்பர்ல ஒரு போட்டோ பார்த்தேன், பொன்னாடை எல்லாம் நல்லாதான் இருந்துச்சு, என்ன பேசினாங்கன்னுதான் ஒரு வரி கூட இல்ல. அதான் மாவுப்பூச்சியப் பத்தி எனக்குத் தெரிஞ்சத எழுதறேன். நான் ஆத்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர் காட்டுல குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போடறவன்.

மாவுப்பூச்சி எங்களுக்குப் புதுசு இல்ல. 2008 வாக்குல பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, கிழங்குன்னு ஒண்ணையும் விடல, 2010ல வெளிநாட்டுல இருந்து அந்தப் பூச்சிக்குள்ளயே வளர்ந்து அதக் கொல்ற குட்டிக் குளவிங்களக் கொண்டுவந்து விட்டாங்க, அடங்கிப்போச்சு. 2020ல கேரளாவுல கண்டுபிடிச்ச மாவுப்பூச்சி வேற, அது குச்சிக்கிழங்குக்குன்னே வந்தது. கொழுந்து சுருண்டு கொத்தா நின்னுரும், கணு குறுகி தண்டு கோணிக்கும். வெளியூர்ல கரணை, அதான் நடற குச்சி, வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்து நாமளேதான் ஊர் ஊரா பரப்பினோம், அத ஒருத்தரும் வாய விட்டு சொல்றதில்ல.

மருந்துக்கடையில குடுத்தத நான் மூணு தடவ அடிச்சேன். பூச்சி மேல மெழுகு மாதிரி இருக்கறதால மருந்து வழிஞ்சு ஓடுதே தவிர ஒட்டல. ஆனா ஆப்பிரிக்காவுல 1980கள்லயே இதே பூச்சிய அனாகைரஸ் லோபஸின்னு ஒரு குளவிய வச்சு அடக்கியிருக்காங்க, அந்தக் குளவிதான் பெனின் நாட்டுல இருந்து பெங்களூரு வந்து 2022 மார்ச்ல நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல வெளிய விட்டாங்க. இது என் காதுக்கு வந்தப்போ நான் காட்டுல ஒரு பூச்சி பொட்டு அண்டாத அளவுக்கு அடிச்சு முடிச்சிருந்தேன், மாவுப்பூச்சி மட்டும் ஜம்முன்னு இருந்துச்சு.

அப்புறம் ஆராய்ச்சி படிக்கிற ஒரு பொண்ணு காட்டுக்கு வந்துச்சு. லென்ஸ வச்சு காட்டுச்சு, வெள்ளையா இல்லாம பழுப்பா உப்பி கெட்டியா இருக்கற பூச்சிக்குள்ள குளவி வளருதாம், ஓட்டை இருந்தா வெளிய போயிருச்சாம். அந்த மாதிரி கொழுந்து ரெண்ட ஒடிச்சு பாலிதீன் கவர்ல கட்டி வச்சோம், நாலஞ்சு நாள்ல எள்ளுல பாதி கூட இல்லாத குளவிங்க உள்ள ஓடுது. எத்தன வருஷமா கிழங்கு போடறேன், இத ஒரு நாள் பார்த்ததில்ல! நானும் ஒண்ணு சொன்னேன், வரப்போரம் எறும்பு ஏறுற செடியில மட்டும் பூச்சி குறையவே இல்லைன்னு. எறும்பு குளவிய வெரட்டும்னு சொல்லி அந்தப் பொண்ணு உடனே நோட்டுல எழுதிக்கிச்சு. படிச்சவங்க நாம சொல்றத எழுதிக்கறத அன்னிக்குத்தான் பார்த்தேன்.

இதுல சிக்கல் என்னன்னா எனக்கு மட்டும் தெரிஞ்சு புண்ணியமில்ல. பக்கத்துக் காட்டு அண்ணன் ஒரு டேங்க் மருந்து அடிச்சா என் குளவியும் சேர்ந்து போச்சு. உரம் மாதிரி அவங்கவங்க காட்டோட முடியற விஷயமா இது? அதனால கூட்டத்த மண்டபத்துல போடாம ஏதாவது ஒரு காட்டுல போடுங்க, கிழங்கு லோடு நிக்கிற எடைமேடைல அந்தப் பழுப்புப் பூச்சி படத்தப் போட்டு இது இருந்தா மருந்து அடிக்காதீங்கன்னு எழுதி ஒட்டுங்க. எங்கள மாதிரி ஆளுங்க பாக்கறதையும் யாராவது வாங்கி எழுதட்டும்.

உங்க விவசாயப் பக்கத்துலயும் அந்தப் படத்த ஒரு தடவ போடுங்க ஐயா. கொஞ்சம் பெருசா, எங்கப்பாவுக்கு கண்ணாடி போட்டாலும் சின்னது தெரியாது.

இப்படிக்கு,
ஒரு குச்சிக்கிழங்கு விவசாயி,
சேலம் மாவட்டம்.