கருத்துப்போன நாதசுரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் அச்சு வந்தபின் நூறு, இருநூறு பிரதிகளுக்காகக்கூடப் பழைய நூல்கள் மீண்டும் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றிலுள்ள கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அண்மையில் ஒரு நாதசுரக் கலைஞரின் வாழ்க்கை வரலாற்று மறுபதிப்பை வாங்கினேன். என்னிடமுள்ள முதற்பதிப்பில், நாதசுரத்தில் தொங்கும் சீவாளிகளை எண்ணிவிடலாம். புதியதில் நாதசுரமும் கையும் ஒரே கரிப்பட்டை. வேட்டி, தாளின் வெள்ளையோடு கலந்துவிட்டது.

ஆஃப்செட் அச்சகத்தில், படங்களை அச்சுக்கேற்ற புள்ளிகளாக்கிப் பிலிமில் எடுக்கும் பிராசஸ் கேமராவோடு 22 ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஒற்றைக் கருப்பில் அச்சிடும்போது சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. கரும்புள்ளிகளின் பருமனும் நெருக்கமும்தான் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. கணினிக் கோப்பில் 256 சாயல்கள் இருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளி மட்டும் வைக்கும் இயந்திரத்தில் 150 வரி ஸ்கிரீன் போட்டால், அதாவது படத்தை அங்குலத்துக்கு 150 வரிசைக் கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டத்துக்கு நான்குக்கு நான்கு என 16 புள்ளிகள்தான். வெள்ளையையும் சேர்த்து 17 சாயல்கள். கன்னத்தின் வழவழப்பில் படிக்கட்டு விழாமல் என்ன செய்யும்? ஸ்கிரீனை 100 வரியாக்கினால் 37 சாயல்கள் கிடைக்கும். இப்போதைய நல்ல இயந்திரங்கள் இதைவிட நுட்பமானவை. அவற்றிலும் படம் கெடுகிறதென்றால், கோளாறு கோப்பைத் தயார் செய்வதில்தான்.

முதற்பதிப்பின் பக்கத்தையே ஸ்கேன் செய்கிறார்கள். அதிலிருக்கும் புள்ளிகள் மேல் புதுப் புள்ளிகள் விழுந்து அலையலையாகக் கோடுகள் ஓடுகின்றன. மூலப் புகைப்படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அச்சிடும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளியாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் உதவாது. வண்ணக் கோப்பாகவே விட்டால் நான்கு மைகளும் கலந்து முகத்தில் பச்சையோ சிவப்போ ஏறும். நூல்களுக்குப் பயன்படும் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் இடைச் சாயல்கள் திரையில் தெரிவதைவிடக் கருத்தே விழும் என்பதால் அவற்றை முன்கூட்டியே வெளுக்க வேண்டும். வேட்டியின் வெள்ளையில் 3 முதல் 5 சதவீத இடத்தையாவது புள்ளிகள் மூடி நிற்க வேண்டும். நிழல் 95 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நூல் முழுவதையும் ஓட்டுவதற்கு முன், படப் பக்கம் ஒன்றை அதே இயந்திரத்தில், அதே தாளில் எடுத்துப் பாருங்கள் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கலைஞரின் மூலப் படம் குடும்பத்தாரிடம் இருந்தால், அடுத்த பதிப்புக்கு நானே சாயல் திருத்தித் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
கும்பகோணம்.