அது காதல் பாட்டில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் இண்டி ராக் குழுவைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். இண்டி ராக்குக்குத் தமிழில் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ‘ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்’ பாட்டை ‘மென்மையான காதல் பாடல்’ என்று எழுதியிருப்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை. மாட் ஹெல்டர்ஸ் டிரம்ஸில் அடிக்கிற அடியைக் கேட்ட பிறகும் ‘மென்மை’ என்று எழுதக் கை வந்ததே!

தலைப்பை ‘நீ ஆடுகையில் அழகென்று பந்தயம் கட்டுகிறேன்’ என்று கட்டுரையாளர் பெயர்த்திருக்கிறார். அங்கே பந்தயமும் கிடையாது, பணமும் கிடையாது. நம் பையன்கள் பாஷையில் சொன்னால், ‘நீ ஆடுனா சும்மா அள்ளும்னு தோணுது’. அந்தத் ‘தோணுது’தான் பாட்டே. பாட்டில் வரும் பையன், அந்தப் பெண் ஆடுவதைக் கற்பனைதான் பண்ணுகிறான். அவள் காதலைத் தேடி வந்தாளா, வேறெதையோ தேடி வந்தாளா, தெரியவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். போதாததற்கு, ரோமியோ, ஜூலியட் இருவரின் குடும்பப் பெயர்களையும் இழுத்துவந்து, இங்கே அந்த மாதிரிக் காதலெல்லாம் இல்லை, டிஜேயும் அழுக்குத் தரையும்தான் என்று போட்டு உடைக்கிறான். மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டில் இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பாட்டு வெளிவந்த வருடம் நான் அந்தக் குழுவின் ஊரான ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் குளிரில் கோட்டு இல்லாமல் கிளப் வாசலில் நிற்கும் பெண்கள், அவர்களைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதுமாகப் பையன்கள், ராத்திரி இரண்டு மணிக்கு டாக்ஸி வரிசையில் சிப்ஸ் வாசனை. ஒருநாள் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருக்கிறாய் என்று பௌன்சர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். இரவல் வாங்கிய சட்டைக்காவது உள்ளே விட்டிருக்கலாம். பிறகு இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தைக் கேட்டபோது, பௌன்சருக்கும் ஒரு பாட்டு, டாக்ஸிக்கும் ஒரு பாட்டு! முதல் பாட்டு, ராத்திரி வருவதற்கு முன்னால் மத்தியானமே மனசு பறப்பதைப் பற்றியது. அதற்கு அடுத்து வருவதுதான் நாம் பேசுகிற பாட்டு. இந்த வரிசையில் வைத்துக் கேட்காமல் தனியாகப் பிடுங்கினால் எதுவும் காதல் பாட்டாகத்தான் தெரியும். ‘வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐ’ம் நாட்’ என்ற ஆல்பத்தின் தலைப்பும் ஆங்கில எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோவின் 1958 நாவலான ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’கிலிருந்து வந்தது. அதன் நாயகன் ஆர்தர் சீட்டன், வாரமெல்லாம் ஃபேக்டரியில் உழைத்துவிட்டு சனிக்கிழமை ராத்திரிக்காக உயிரை வைத்திருப்பவன். இதைக் கட்டுரை தொடவே இல்லை.

இணையம்தான் ஆர்க்டிக் மங்கீஸைத் தூக்கிவிட்டது என்பது பாதி உண்மை. கச்சேரிகளில் அவர்கள் சும்மா கொடுத்த டெமோ சிடிக்களை ரசிகர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் குழுவுக்குப் பக்கம் தொடங்கியதும் ரசிகர்கள்தான். குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

கடைசியாக ஒன்று. பாட்டு வெளிவந்த ஆண்டு 2006 என்று அச்சாகியிருக்கிறது. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்தது 2005 அக்டோபர் 17. வந்த வாரமே பிரிட்டன் தரவரிசையில் முதலிடம். 2006 ஜனவரியில் வந்தது ஆல்பம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை