ஊற்றிக் கொடுக்கலாம், விற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் சொந்தமாகப் பியர் தயாரிப்பது அவுஸ்திரேலியாவில் சட்டப்படி சரியா என்று எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஊரில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் வடித்தவர் வீட்டுக்குப் பொலிஸ் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

சரிதான், ஒரு தவறும் இல்லை. பிரதமர் விட்லமின் அரசாங்கக் காலத்திலிருந்தே, அதாவது 1970களிலிருந்தே, இங்கே அதற்கு வழி திறந்திருக்கிறது. சொந்தப் பாவனைக்காக, சொந்தச் சாமான்களை வைத்துத் தயாரிக்கும் பியருக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டாம், மதுவரியும் இல்லை. விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கலாம், அயலவருக்கு இரண்டு போத்தல் கொடுத்து அனுப்பலாம்.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். கடையில் போத்தலில் விற்கும் சாதாரண பியருக்கு, அதிலுள்ள மதுசாரத்தின் ஒவ்வொரு லீற்றருக்கும் 60 டொலருக்கு மேல் மதுவரி. பியரிலுள்ள முதல் 1.15 வீத மதுசாரத்துக்கு மட்டும் வரி இல்லை. என் கராஜில் ஒரு தடவை போடுவது 23 லீற்றர், 5 வீத மதுசாரம். அதையே மதுபான ஆலை ஒன்று போத்தலில் அடைத்து விற்றால் வரி மட்டும் 53 டொலரைத் தாண்டும். அரசாங்கம் அவ்வளவையும் விட்டுக்கொடுப்பது நாங்கள் அதை விற்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான்.

அந்த நம்பிக்கையில்தான் எங்கள் ஆட்கள் சிலர் கைவைக்கப் பார்க்கிறார்கள். அண்மையில் ஒரு விழாக் குழுக் கூட்டத்தில், “அண்ணை, உங்கட பியரில ரெண்டு கெக் கொண்டுவாங்கோ, கிளாசுக்கு அஞ்சு டொலர் வைப்பம், காசு முழுக்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தானே” என்றார் ஒரு தம்பி. நான் மாட்டேன் என்றேன். நல்ல காரியத்துக்கும் மறுக்கிறாரே என்று சிலருக்கு மனத்தாங்கல். காசு எங்கே போகிறது என்பதல்ல பிரச்சினை. விலை வைத்த அந்த நிமிடமே அது விற்பனை. அனுமதிப்பத்திரமும் மதுவரியும் இல்லாமல் தயாரித்த பியரை விற்பது மத்திய அரசின் மதுவரிச் சட்டத்தையும் மீறுகிறது, மாநில மதுச் சட்டத்தையும் மீறுகிறது. இலாப நோக்கமில்லாத சங்கங்கள் ஒரு நிகழ்ச்சிக்கென்று அனுமதிப்பத்திரம் எடுக்க நியூ சவுத் வேல்ஸில் வழி இருக்கிறது. அதை எடுத்து, வரி கட்டிய பியரைக் கடையில் வாங்கி விற்கட்டும். நானே நின்று ஊற்றித் தருகிறேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. பியர் போடலாம் என்றால் சாராயமும் வடிக்கலாம்தானே என்று நினைக்கும் இளைஞர்களைக் காண்கிறேன். கூடவே கூடாது. வடிப்பது சொந்தக் குடிக்கு என்றாலும், ஒரே ஒரு போத்தல் என்றாலும், உரிய மதுவரி அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் குற்றம். 5 லீற்றருக்கு மேல் கொள்ளும் வடிகலனை வாங்கவோ வைத்திருக்கவோகூட வரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்குக் குறைந்த சிறிய கலன்களை ‘வாசனை எண்ணெய் எடுக்க’ என்று இணையத்தில் தாராளமாக விற்கிறார்கள். எண்ணெயோ தண்ணீரோ வடிக்கும் வரைக்கும் அது சரி. அதில் மதுசாரம் வடித்தால் கலன் சிறியது என்ற சாட்டு எடுபடாது. மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் விளையாட்டுத்தனமாக இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் பயம்.

அப்புறம், கடைக்காரரின் பாத்திரங்களில் நீங்களே பியர் போட்டு எடுத்துவரும் இடங்களும் உண்டு. அங்கே சொந்தக் குடிக்குத்தான் என்றாலும் மதுவரி உண்டு, ஆனால் குறைந்த வீதம்.

விழாக் காலம் தொடங்குமுன், எங்கள் சட்டத்தரணிகளில் ஒருவரைக் கொண்டு இதுபற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுவியுங்கள். சங்கங்களின் செயலாளர்களுக்கும் அதன் பிரதியை அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகன்,
பென்டில் ஹில், சிட்னி