தாராவியில ராத்திரி ஒயர் எரிக்கிறத நிறுத்தச் சொல்லி கோரிக்கை மனு

மதிப்பிற்குரிய வார்டு அதிகாரி ஐயா அவர்களுக்கு,

நாலாங்கற சாக்கடைக் கால்வாய் ஓரத்துல, சால்ங்கற வரிசை வீடுங்கள்ல குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக்கிற மனு. வணக்கம் ஐயா.

ஏற்கனவே குடுத்த மனுவுக்கெல்லாம் முத்திரை குத்தி ரசீது குடுத்தீங்க, அதோட சரி. எங்க ஏரியா உங்களுக்கு நல்லாவே தெரியும், 90 அடி ரோட்டுல இருந்து உள்ள வந்தா பங்கார் காலாங்கற பழைய சாமான் கடைங்க வரிசை, அது முடியிற எடத்துல நாலா, அதை ஒட்டி நாங்க.

1. பழைய கம்ப்யூட்டர், டிவி, சார்ஜர் ஒயரெல்லாம் குவிச்சு ராத்திரி தீ வைக்கிறாங்க. மேல்தோல் எரிஞ்சா உள்ள இருக்கிற காப்பர் கிடைக்கும், அதுக்குத்தான்.

2. அந்தப் புகைதான் ஐயா தாங்க முடியல. பத்துக்குப் பத்து ரூம், மேல மாளான்னு ஒரு பரண், புள்ளைங்க அங்கதான் படுக்குதுங்க, புகையும் அங்கதான் போய் அடையுது. ஜன்னல சாத்துனா மே மாச வெக்கையில வேகுது, தொறந்தா தொண்டைய அறுக்குது, ஈரத்துணிய கதவு இடுக்குல சொருகி வச்சாலும் எப்படியோ உள்ள வந்துருது. காலைல புள்ளைங்க மூக்கத் தொடச்சா கருப்பா வருது. கைக்குழந்தைங்க விடிய விடிய இருமுது, பால் குடிக்க முடியாம அழுவுது, தூக்கிட்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா மருந்து குடுத்து புகை இல்லாத எடத்துல வைங்கன்னு சொல்றாங்க. எங்க கொண்டு போய் வைக்கிறது ஐயா?

3. இது சாதாரண குப்பைப் புகை இல்ல. ஒயர் மேல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்ங்கற விஷம் வரும், பழைய ஒயர் மேல்தோல்ல ஈயமும் கலந்திருக்கும். ஈயம் புள்ளைங்க மூளையவே பாதிக்கும், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாம்பல் மழையில நாலாவுல எறங்கி மாஹிம் கழிமுகம் வரைக்கும் போகுது.

4. எரிக்கிறவங்கள அடிச்சு விரட்டுங்கன்னு நாங்க கேக்கல. அவங்களும் பக்கத்து சால்காரங்கதான், அந்தப் புகைய முதல்ல குடிக்கிறதும் அவங்கதான். போலீஸ் வந்தா அடுத்த சந்துக்குப் போய் எரிப்பாங்க, அவ்வளவுதான் நடக்கும். தடி ஒயர உரிக்க மெஷின் இருக்கு, மெல்லிசு ஒயர்தான் உரிக்க வராது, அதுக்கு அரைச்சுப் பிரிக்கிற மெஷின் வேணும், அது ஒத்த ஆளால வாங்க முடியாது. பொதுவா ஒரு ஷெட் போட்டு வச்சுக் குடுத்தா எவன் ராத்திரி கண்ணு எரிய உக்காந்து எரிப்பான்? எரிச்ச காப்பருக்கு ரேட்டும் கம்மிதானே.

5. 2022ல போட்ட ஈ-வேஸ்ட் (மின்னணுக் கழிவு) விதி 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. பிரிக்கிற வேலைக்கு எடம், ஷெட் ஒதுக்குறது, வேலை செய்யிறவங்கள பதிவு பண்ணி பயிற்சி குடுக்கிறது எல்லாம் மாநில அரசு பொறுப்புன்னு இருக்கு. குப்பையோட கலந்து வர்ற ஈ-வேஸ்ட்ட பிரிச்சு, பதிவு பண்ண ரீசைக்கிள் ஆளுங்ககிட்ட சேர்க்கிறது மாநகராட்சி வேலை. நாங்க சலுகை கேக்கலையே, எழுதி வச்சதத்தான கேக்குறோம்! படிச்சவங்க நீங்க, இதெல்லாம் நாங்களா உங்களுக்கு எடுத்துச் சொல்லணும்?

6. உங்க ஆபீஸ் கவுண்டர்ல கேட்டா, தாராவிய இடிச்சுப் புதுசா கட்டுற ரீடெவலப்மென்ட்ல பில்டிங் வந்தா எல்லாம் சரியாயிரும்ங்கறாங்க. பில்டிங் வர்ற வரைக்கும் புள்ளைங்க மூச்சு விடாம இருக்குமா ஐயா? கோவப்படுறோம்னு நினைக்காதீங்க, தூங்கி நாளாச்சு.

7. ஒரு ராத்திரி வாங்க. பகல்ல வந்தா சாம்பல்தான் இருக்கும்.

தயவுசெஞ்சு எரிக்கிறத நிறுத்துங்க, நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பசங்களுக்கு மெஷினும் எடமும் குடுங்க, ஏரியாவுல ஈ-வேஸ்ட் வாங்க ஒரு சென்டர் வைங்க. கைகூப்பிக் கேக்குறோம் ஐயா, இந்த மனுவுக்காவது எழுத்துல பதில் குடுங்க.

இப்படிக்கு,
நாலா ஓரத்து சால் குடும்பங்கள், தாராவி, மும்பை
(கையெழுத்தும் கைரேகையும் பின்பக்கம்)