விசிட் விசாவில் வைத்து வேலை வாங்கும் முதலாளிமார்களுக்கு

துபாயிலும் ஷார்ஜாவிலும் கடை, கேன்டீன், ஒர்க்‌ஷாப் நடத்தும் நம்மூர் முதலாளிகளுக்கு வணக்கம்.

துபாய் டேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் 16 வருடமாக விசா பேப்பர் அடிக்கிறவன் நான். போன வாரம் ஒரு தம்பி பாஸ்போர்ட்டை நீட்டினான். "ரெண்டு தடவை எக்ஸிட் அடிச்சாச்சுண்ணே. மூணாவது விசிட்டும் அடுத்த மாசம் முடியுது. முதலாளி இப்பவாவது வேலை விசா அடிப்பாரா?" எக்ஸிட் என்றால், விசிட் முடியும்போது நாட்டை விட்டு வெளியே போய்ப் புது விசிட்டில் திரும்பி வருவது. ஐந்து மாதமாக ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நிற்கிறான். கேட்கும்போதெல்லாம் முதலாளி சொல்வது, "ட்ரையல் முடியட்டும் தம்பி."

ட்ரையல் பார்க்க விசிட் எதற்கு? அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டமே ஆறு மாதம் வரை சோதனைக் காலம் தருகிறது. ஆள் சரிப்படவில்லையா, 14 நாள் முன்னால் எழுத்தில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆளெடுக்கும் செலவு முதலாளியுடையது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க விசிட்டில் நிறுத்துவது ஆளைச் சோதிக்க அல்ல, செலவை அவன் தலையில் கட்ட.

அந்தச் செலவு என்னவென்று நீங்கள் மறந்திருக்கலாம். பஸ் ஏறி ஹத்தா தாண்டி ஓமன் போக வேண்டும். இல்லையென்றால் 'ஏ டு ஏ', அதாவது ஏர்போர்ட் டு ஏர்போர்ட். விமானம் ஏறி இன்னொரு நாட்டு ஏர்போர்ட் நாற்காலியில், வாட்ஸ்அப்பில் புது விசா வரும்வரை பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பது. டிக்கெட், விசா, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் அவன் கணக்கு. தேதி தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் ஃபைன். 1,200 திர்ஹம் சம்பளக்காரனுக்கு 24 நாளில் ஒரு மாத உழைப்பு காலி. விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், ஆள் ஓடிவிட்டான் என்று 'அப்ஸ்காண்டிங்' புகார் போட்டுவிட்டால் அது தனிக் கதை.

உங்களில் மூத்தவர்களுக்கு, எக்ஸிட் அடிக்கப் போன ஈரானின் கிஷ் தீவு நினைவிருக்கும். விசா வருமா என்று அங்கே நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர்களே சிலர் இன்று முதலாளிகள். 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ்ஷிலிருந்து வந்த விமானம் ஷார்ஜாவில் இறங்கும்போது விழுந்தது. 46 பேரில் 43 பேர் போய்விட்டார்கள். விசா மாற்றப் போய்த் திரும்பிய தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள்.

வேலை பர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024 ஆகஸ்டில் சட்டம் இறுகிவிட்டது. இதைச் சொல்லிப் பயமுறுத்தவும் தயக்கமாக இருக்கிறது. பயந்தால் நீங்கள் செய்வது, இன்ஸ்பெக்‌ஷன் அன்று பையனைப் பின்வாசல் வழியாக அனுப்புவதுதான். ஃபிரீஸர் கதவில் அவன் விரல் நசுங்கினால் எந்தப் பேப்பரைக் காட்டி ஆஸ்பத்திரி போவான்? சம்பளம் பாக்கி என்று எங்கே போய்ப் புகார் கொடுப்பான்? அவன் வேலை செய்ததே குற்றமாயிற்றே.

இந்த எக்ஸிட் பேப்பர்களில் பலவற்றை அடித்துக் கொடுத்துக் காசு வாங்கியவன் நானும்தான். அதனால்தான் கேட்கிறேன்: முதலில் ஆஃபர் லெட்டர், பர்மிட், பிறகு கல்லா. இதுவரை எக்ஸிட்டுக்கு அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் விசா அடுத்த மாதம் 11-ஆம் தேதி முடிகிறது. எங்கள் கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.