அத்தையின் கோபம் குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. சின்னவனுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் கிடைத்ததையும், பேத்தி முதல் நாளே அழாமல் பள்ளிக்குப் போய்வந்ததையும் இவருக்கும் படித்துக் காட்டினேன். இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் பெரும்பகுதி உன் மாமியாரைப் பற்றியது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அத்தை, எவ்வளவு கனிவாகப் பார்த்துக்கொண்டாலும் சிடுசிடுக்கிறார் என்றும், கையில் கொடுத்த தண்ணீர்த் தம்ளரை ஒரு நாள் தள்ளியே விட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். நானும் கால் முறிந்து கிடந்து எழுந்தவள் என்பதால் எனக்கு அது புரியுமா என்று கேட்டிருக்கிறாய். புரிகிறது, மல்லிகா. புரிவதை முழுவதும் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் விபத்தைப் பற்றித் தொலைபேசியில் முன்பே சொல்லியிருக்கிறேன். பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் மணலில் சறுக்கி இவருடைய வண்டி சாய்ந்ததில், என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. தகடு வைத்துச் சேர்த்தார்கள். விழுந்த அன்று உதவிக்குக் குறைவே இல்லை. முன்பின் தெரியாத லாரி ஓட்டுநர் ஒருவர் தம் துண்டைக் கிழித்து, அட்டைப்பெட்டித் துண்டை அணையாகக் கொடுத்து என் காலைக் கட்டினார். உறவினர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தார்கள். புத்தூர்க் கட்டுதான் நல்லது என்று வாதாடியவர்களும் அன்பினால்தான் வாதாடினார்கள். அடிபட்டவர்களுக்கு இரக்கம் தாராளமாகவே கிடைக்கிறது. அந்த இரக்கம் ஓய்ந்த பிறகு, எலும்பு கூடத் தொடங்கி, தையல் பிரித்து, பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றுகிற ஒரு நீண்ட இடைக்காலம் வருகிறது. பிறரைப் பற்றி நான் தெரிந்துகொண்டவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் தெரிந்துகொண்டவை.

தம்ளரிலிருந்தே தொடங்குகிறேன். கால் முறிந்தால் இல்லாமல் போவது கால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்ற நாளில்தான் தெரிந்தது, போனவை இரண்டு கைகள் என்று. அடுப்படிவரை தத்தித் தத்திப் போய்விடலாம், காபியும் போட்டுவிடலாம், போட்ட காபியைக் கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்தால் எடுத்துவர முடியாது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. புடவைக் கொசுவம் நழுவினால் நின்றபடி சரிசெய்ய முடியாது. ஒரு நாளில் எத்தனை முறை வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது என்பது கேட்டுப் பழகாதவர்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக வீட்டில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தவளுக்கு அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அத்தை எப்படிப்பட்ட உழைப்பாளி என்பதை நம் விடுதி நாட்களிலிருந்தே நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ கொடுத்த தண்ணீர் அவருக்கு வேண்டாமல் போயிருக்காது. அதைத் தாமே ஊற்றிக் குடிக்க முடியவில்லை என்ற எண்ணம்தான் அந்த வேளையில் பொறுக்க முடியாததாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்துப் பார். என்னைப் பார்க்க வருகிறவர்கள் என் முன்னாலேயே இவரிடம், "நல்லாச் சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?" என்று விசாரிப்பார்கள். அக்கறையோடு கேட்பதுதான். ஆனால் கட்டிலில் இருப்பவளிடம் கேட்டால் அவளே பதில் சொல்வாள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. முதுமையும் எலும்பு முறிவும் சேர்ந்துவிட்டால் இது இன்னும் அதிகமாக நடக்கும். உங்கள் வீட்டிலும் நடக்கிறதா என்று பார்.

எங்கள் பகுதிக்கு வரும் இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். என்னை மாணவியாக்கி உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ஊன்றுகோலில் எடையை அக்குளால் தாங்கக் கூடாது. அங்கே போகும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போய்விடும், எனவே உள்ளங்கைகள்தான் தாங்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில் போக வேண்டும். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் இறங்க வேண்டும். ஒற்றைக் கைத்தடிக்கு வந்தபின் அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் பல லட்சம் ஆண்டுகளாக நடந்து பழகிய மனித இனத்துக்கு இயல்பாகவே தெரிந்திருக்கும் என்று நினைத்தால், தெரியாது. ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இவற்றைக் கற்ற பிறகு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து சனங்களைப் பார்த்தால், நடை என்பதே வேறாகத் தெரிகிறது. வலியுள்ள பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்துக்கொண்டு, எடை முழுவதையும் அந்தக் காலிலேயே போட்டுப் போகும் பெரியவர்; பேருந்தின் முதல் படி தம் முழங்காலுக்கு மேல் இருப்பதால், கம்பியைப் பிடித்துத் தம்மைத் தாமே தூக்கி ஏற்றிக்கொள்ளும் மூதாட்டி; நடத்துநர் விசில் கொடுப்பதற்குள் ஏறிவிட வேண்டுமே என்ற பதற்றத்தில் காலிப்பர் என்னும் தாங்கு பட்டை போட்ட காலை முன்னால் வீசுகிற இளைஞர். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அவர்கள் போடும் கணக்கு எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன்.

அப்போது வீட்டு வேலைக்கு உதவியாக வந்தவர் பென்னாகரம் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மா. கிருஷ்ணகிரி, தருமபுரி என்னும் எங்கள் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே பூமிக்கடியில் இருப்பவை கடினப் பாறைகள். அவற்றிலிருந்து ஃபுளோரைடு கரைந்து கிணற்று நீரில் கலக்கிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. அதைத் தாண்டிய நீரையே பல ஊர்கள் பல ஆண்டுகள் குடித்திருக்கின்றன. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவது வெளியே தெரிவது. எலும்பில் படிவது உள்ளே நடப்பது. மூட்டுகள் இறுகி, முதுகு வளையாமல் போய், தசைநார்கள்கூடக் கெட்டிப்பட்டுவிடுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தபின் காவிரி நீர் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன்பே இறுகிவிட்ட எலும்பை எந்த நீரும் தளர்த்தாது.

அந்த அம்மாவால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். குந்தி உட்கார முடியாது. அப்படிப்பட்டவர்தான் எனக்குத் தரையிலிருந்து எழுந்திருக்கக் கற்றுக்கொடுத்தார். "வெடுக்குன்னு எந்திரிக்காதீங்க டீச்சர், மொதல்ல செவுத்துப் பக்கம் நகந்து வாங்க" என்று சொல்லி, எந்தக் கையை எங்கே ஊன்ற வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று காட்டித் தந்தார். பல ஆண்டுகளாகத் தம் உடம்பிலேயே பழகிய வித்தை அது. மருத்துவர் சொன்னதற்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று.

அவரோடு பழகியபோதுதான் என் அனுபவத்தின் எல்லையும் எனக்குப் புலப்பட்டது. என் வலிக்கு ஒரு முடிவு இருந்தது. ஒவ்வொரு முறை எக்ஸ்ரே எடுக்கும்போதும் முறிவின் இடைவெளியில் புது எலும்பு வெண்மையாகப் படர்ந்திருப்பதை மருத்துவர் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைய வலி பாதியாகத் தெரியும். அந்த அம்மாவுக்கு யாரும் அப்படி ஒரு படத்தைக் காட்டப் போவதில்லை. என் கால் வலித்ததால் அவருடைய வலி எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வலி என்கிற நாட்டில் நான் சில மாதங்கள் தங்கிவிட்டு வந்த விருந்தாளி. அவர் அங்கேயே குடியிருப்பவர். ஆனாலும் விருந்தாளிக்கும் வழிகள் கொஞ்சம் தெரிந்திருக்கும் அல்லவா? குறைந்தது, எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

பாப்பாரப்பட்டியில் இருக்கும் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கு நாம் இருவரும் பிள்ளைகளை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? வ.உ.சி.யோடு 1908-இல் சிறைக்குப் போனவர், அங்கே தொழுநோய் பற்றிக்கொண்டது, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாதென்று ஆங்கில அரசு தடுத்தது, அதன் பிறகும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தார் என்பதை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! கட்டிலில் கிடந்த நாட்களில் ஒரு நாள் "கால்நடையாக" என்ற அந்த ஒரு சொல்லில் மனம் நின்றுவிட்டது. தொழுநோய் நரம்பைத் தாக்கும்; பாதத்தில் உணர்ச்சி போய்விடும்; கல்லும் முள்ளும் குத்துவது தெரியாமல் புண்ணாகும். அந்தப் பாதங்களோடு, ரயில் ஓடுகிற நாட்டில், ரயிலில் ஏற விடாததால் அவர் நடந்திருக்கிறார். அவருடைய நோய் ஒரு துன்பம். ஏறாதே என்ற உத்தரவு மனிதர்கள் அதன்மேல் சேர்த்த இன்னொரு துன்பம். இந்த இரண்டாவது வகைத் துன்பத்தை நீக்குவது நம் கையில் இருக்கிறது என்பதால் அதைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். ரேஷன் கடையின் உயரமான படியும், கைப்பிடி இல்லாத அலுவலக வாசலும், கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி இல்லாததும் இந்த வகையைச் சேர்ந்தவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. வாசலில் நிற்பவருக்கு அந்தச் சட்டம் ஒரு கைப்பிடிக் கம்பியாக வந்து சேர வேண்டும்.

துன்பப்பட்டவர்கள் எல்லோரும் பிறர் துன்பத்தை உணர்வார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அங்கே எனக்குத் தயக்கம் உண்டு. மகள் எனக்கு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் 2015-இல் வெளியான உளவியல் ஆய்வு அது. ஒரு கடினமான நிலையைத் தாங்கிக் கடந்தவர்கள், அதே நிலையில் தாங்க முடியாமல் தளர்ந்துபோகிறவரிடம், அந்த அனுபவமே இல்லாதவர்களைவிடக் குறைவான பரிவு காட்டினார்கள் என்று அதில் கண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. வலி போன பிறகு, அது எவ்வளவு கொடியதாக இருந்தது என்பது மறந்துவிடுகிறது; கடந்துவிட்டோம் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. என் வார்டிலேயே அதைப் பார்த்தேன். முழங்கால் அறுவை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்ட ஒரு பெரியம்மா, பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம், "நானெல்லாம் இப்படியா அழுதேன்?" என்று அதட்டினார். முதல் இரவில் அவர் அழுததை அந்த வார்டே கேட்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

எனக்கும் அந்த மறதி வரத் தொடங்கியிருக்கிறது. இப்போது மாடிப்படி ஏறும்போது எந்தக் கால் முதலில் என்று யோசிப்பதில்லை. இன்னும் சில ஆண்டுகள் போனால் நானும் அந்தப் பெரியம்மாவைப் போலப் பேசக்கூடும் என்பது எனக்கு மெய்யாகவே அச்சமாக இருக்கிறது. அதனால், நினைவு பசுமையாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவிட எண்ணினேன். எங்கெங்கே படி உயரம், எங்கே கைப்பிடி இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, தொடர்ந்து கேட்பேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மனு எழுதத் தெரியாத சிலருக்கு எழுதிக் கொடுத்தேன். மாந்தோப்பில் காய் பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவருக்காக அவருடைய மனைவி வந்திருந்தார். சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதச் சொன்னார். வீட்டு வாசலின் அகலம் என்ன, உள்ளே திருப்ப இடம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். எனக்கும் வாக்கர் வாசலில் சிக்கிக்கொண்டிராவிட்டால் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

இனி அத்தைக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்டு 5 அன்று அது தொடங்கப்பட்டது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊரிலும் இருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்துவிடு. படுத்தே இருந்தால் தொடைத் தசை விரைவில் மெலிந்துவிடும், ஆகவே தாமதிக்காதே. கட்டிலருகே கையெட்டும் உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அவரே ஊற்றிக்கொள்ளும்படி சிறிய செம்பில் தண்ணீரும் தம்ளரும் வை. கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும், ஆனால் அவர் நடக்கும் தரை ஈரமாகாதபடி உடனே துடைத்துவிடு. தூக்கிவிடுவதற்கு முன் எந்தப் பக்கம் பிடிக்கட்டும் என்று அவரையே கேள். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை ஏதாவது கொடு. வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் அவருக்குச் சுமையாக இராது. அவருடைய கோபம் இதனால் உடனே தணிந்துவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நீயும் களைத்துப் போகிறாய் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. வாரத்தில் ஒரு நாளாவது உன் நாத்தனாரை வரவழைத்துவிட்டு நீ வெளியே போய்வா. பார்த்துக்கொள்கிறவரின் முதுகும் எலும்பும் தசையும்தானே?

என் வாக்கரின் முன்கம்பியில் மாட்டிக்கொள்ளத் துணிப்பை ஒன்றை நானே தைத்து வைத்திருந்தேன். கண்ணாடி, செல்போன், மாத்திரை, மூடியுள்ள தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் அடங்கும். அதே போல அத்தைக்கும் ஒன்று தைக்கத் தொடங்கியிருக்கிறேன். அவருடைய வாக்கரின் முன்கம்பி எத்தனை அங்குல அகலம் என்று அளந்து எழுது. செந்தூரா மாம்பழம் சந்தைக்கு வந்துவிட்டது. பையோடு ஒரு பெட்டிப் பழமும் பார்சல் சர்வீஸில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதையும் மறக்காமல் தெரிவி.

என்றும் அன்புடன்,
உன் தோழி