பகல்விளக்கும் பாவாடையும்: கொச்சி யூதர்களின் கதையைத் தமிழில் சொல்ல ஒரு கை கொடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கொச்சி யூதர்களைப் பற்றிய ஒரு நடமாடும் கண்காட்சிக்குப் பணம் கேட்டுத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதற்கு என்று தெரியாமல் யாரும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன கார்த்திகையில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு சபரிமலை பஸ் மட்டாஞ்சேரியில் நின்றது. சீசனில் இப்படி வண்டிகள் வந்தபடியேதான் இருக்கும்; அரண்மனை, யூதப் பள்ளி (யூதர்களின் வழிபாட்டு இடத்தை இங்கே பள்ளி என்பார்கள்), அப்புறம் மசாலாக் கடை, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். பரதேசிப் பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த ஒரு பாட்டி, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் காலடியில் நீலமும் வெள்ளையுமாக இருந்த சீனத்துத் தரையோடுகளையும் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, சாமி எங்க இருக்கு?" என்று கேட்டார். இங்கே உருவம் கிடையாது பாட்டி, அந்தத் திரைக்குப் பின்னால் பெட்டகத்தில் வேதச் சுருள் இருக்கிறது, தோரா என்பார்கள், அதுதான் எல்லாம் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ராஜா இவர்களுக்கு எழுதிக் கொடுத்த பட்டயத்தில் இப்படி இருக்கிறது என்று ஒரு வரி சொன்னேன்: "பகல்விளக்கும் பாவாடையும் அந்தோளகமும் குடையும்."

"பாவாடைன்னா நடைபாவாடையா? எங்க ஊர்ல சாமி புறப்பாட்டுக்குத் தரையில விரிப்பாங்களே, அதுவா?"

அதேதான். கல்வெட்டுப் படித்தவர்கள் அடிக்குறிப்பு போட்டு விளக்குகிற சொல்லைப் பாட்டி செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் திட்டம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அந்தப் பட்டயம் சுமார் கி.பி. 1000ல் சேர மன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்த செப்பேடு. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் தனித்தனியாகப் பிரிந்து போகாத காலத்து மொழி. நம்மில் யாருக்கும் அதில் பாதியாவது அகராதி இல்லாமல் புரியும். பகலிலும் விளக்குப் பிடித்துவரும் மரியாதை, நடக்க விரிப்பு, பல்லக்கு, குடை, எக்காளம், தோரணம் என்று வரிசையாகப் போகும். கூடவே அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமை, வரிவிலக்கு, எழுபத்திரண்டு உரிமைகள். உலகமும் சந்திரனும் உள்ளளவும் செல்லும் என்று முடித்திருக்கிறார்கள். 2017ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இதன் நகலையும் பரிசாகக் கொண்டுபோனார். அந்த அளவுக்கு மதிப்புள்ள ஒரு பட்டயத்தைத் தமிழ் வாசகன் வாய்விட்டுப் படிக்க முடியும் என்பது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் எர்ணாகுளம், மட்டாஞ்சேரிப் பக்கம் வசிக்கும் தமிழர்கள் ஒன்பது பேர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஏலக்காய் வியாபாரி, ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் மூன்று தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர், இப்படிக் கலந்துகட்டிய கூட்டம். எங்களில் யாரும் யூதர் இல்லை. இங்கே மிச்சமிருக்கும் ஒரு சிலரிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றதை விட்டு, சரி என்றதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நடமாடும் கண்காட்சி தயார் செய்கிறோம். வரும் கார்த்திகை முதல் தேதி மட்டாஞ்சேரியில் தொடங்கி, அப்புறம் தக்கலை, கடைசியாகச் சென்னை மண்ணடி.

ஏன் இந்த ஊர்கள் என்று கேட்பீர்கள். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவோடு சேர்ந்த சங்கத்தின் பெயரிலேயே இன்றைக்கும் அஞ்சுவண்ணம் இருக்கிறது. ஒரே சொல் யூதர் பட்டயத்திலும் முஸ்லிம்களின் சங்கத்திலும் இருப்பதைவிடப் பெரிய காட்சிப்பொருளை நாங்கள் எங்கே போய்த் தேடுவது? மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவளத்தை லண்டன் வழியாகக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பிய யூத வணிகர்கள் அங்கே இருந்தார்கள். 1688ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், யூத வணிகர்களும் உண்டு. அந்தத் தெருவில் இன்றைக்கு அதைச் சொல்ல ஒரு பலகை வைத்தால் குறைந்தபட்சம் டீக்கடையில் ஒரு பேச்சாவது நடக்கும்.

கண்காட்சியில் கையால் தொட்டுப் பார்க்கச் செப்பேட்டின் நகல் இருக்கும், கண்ணாடிக்குள் பூட்டி வைக்கப் போவதில்லை. சேந்தமங்கலத்தில் உள்ள 1269ஆம் வருடத்து எபிரேயக் கல்லறைக் கல், சாரா என்ற பெண்ணுடையது, அதன் படமும் பொருளும் இருக்கும். கேரள யூதப் பள்ளிகளில் மட்டும் மாடத்தில் வேதம் வாசிக்க இரண்டாவதாக ஒரு மேடை இருக்கும், அதை மர மாதிரி செய்து காட்டுகிறோம். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் கதையும் உண்டு. அதன் உள்ளே இருந்த மரவேலைப்பாடு ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது, வெளிக்கூடு இங்கேயே கிடந்து 2019 மழையில் இடிந்து விழுந்தது. நான் அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். செங்கல் குவியலுக்கு மேல் ஆட்டுக்குட்டி ஒன்று ஏறி நின்றது.

பாட்டுகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடிய பாட்டுகள், நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனவை. 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போனபோது நகையோடு அந்த நோட்டுகளையும் கட்டி எடுத்துப் போனார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாலை அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டுகிறோம். சாப்பாடும் உண்டு. இறைச்சியோடு பால் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம், அதனால் தேங்காய்ப்பால் அவர்கள் சமையலில் தாராளமாகப் புகுந்துகொண்டது. சின்ன வெங்காயம் போட்ட சுட்டுள்ளி மீனும் இருக்கும், சைவக்காரர்கள் கோபிக்க வேண்டாம், வேறு ஏற்பாடு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். கொச்சி யூதர்களுக்குள்ளும் தீண்டாமை மாதிரி ஒன்று இருந்தது. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவு, அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்குப் பரதேசிப் பள்ளியில் சம இடம் இல்லை. அந்த வாரிசுகளில் ஒருவரான ஏ.பி. சேலம், சென்னையில் படித்து வக்கீலாகி, காந்தி வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். யூத காந்தி என்றே அவரைச் சொல்வார்கள். கண்காட்சியில் இதைச் சொல்லும் பலகையை எடுத்துவிட்டால் பெரிய தொகை தருகிறேன் என்றார் ஒரு நலம்விரும்பி. வேண்டாம் என்றுவிட்டோம். நல்லது மட்டும் காட்டினால் அது பாரம்பரியம் இல்லை, விளம்பரம்.

இன்னொன்று. இப்போது போய் யூதர்களைப் பற்றியா என்று எங்கள் நண்பர்களே கேட்டார்கள். காஸா செய்திகளைப் பார்த்து எங்களுக்கும் தூக்கம் வராத இரவுகள் உண்டு. இது எந்த அரசுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ போடும் மேடை இல்லை. தூதரகம், கட்சி எதனிடமும் காசு வாங்கவில்லை, வாங்கவும் மாட்டோம். அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

சரி, கணக்கு. செப்பேட்டு நகல் கையால் வெட்ட 45,000. துணியில் அச்சிட்ட பலகைகள், தாங்கிகள், மர மாதிரி எல்லாம் சேர்த்து 1,10,000. தமிழில் 64 பக்கக் கையேடு ஆயிரம் பிரதி 85,000. பாட்டு, சாப்பாடு 90,000. மண்டப வாடகையும் லாரியும் 1,20,000. மொத்தம் நாலரை லட்சம். எங்கள் கையிலிருந்தும் தெரிந்தவர்களிடமிருந்தும் 1,62,000 சேர்ந்துவிட்டது, இன்னும் 2,88,000 வேண்டும். நூறு ரூபாயும் பணம்தான், ஒரு கையேட்டின் அச்சுச் செலவே 85 ரூபாய் என்று பார்த்தால் நூறு ரூபாயில் ஒரு கையேடு அடங்கிவிடும்.

நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, வரிவிலக்கு ரசீது தர முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் பணம் வாங்கச் சட்டம் விடாது; இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தரலாம். கணக்கு விவரத்தைப் பொதுவில் போடாமல் கேட்பவர்களுக்கு நேரில் தருகிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வரவு செலவை பில்லோடு எல்லாருக்கும் அனுப்புவோம். மிஞ்சினால் கையேட்டின் மறு அச்சு. பணம் முடியாதவர்கள் மண்ணடியில் குறைந்த வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்துக் கொடுங்கள், அதற்காக இரண்டு மாதமாக அலைகிறோம்.

நேரில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்பவர்கள் தாராளமாக மட்டாஞ்சேரிக்கு வாருங்கள், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் வேண்டாம், பள்ளி பூட்டியிருக்கும்.